பால் படாத பாத்திரம்

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபமாகப் போனை வைத்த பிறகு உன் அம்மா போனை அலமாரியில் வைத்தாள். பிறகு மாடிக்குப் போய்க் காயப்போட்டிருந்த துணிகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள். பாதித் துணி ஈரம். "பேரன்மேல பாசமே இல்லாம போச்சா உனக்கு" என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அதற்கு அவள் பதில் சொல்ல மாட்டாள். தெரியாமல் இல்லை, சொல்ல வாய் வராது. அதனால்தான் நான் எழுதுகிறேன். போனில் பேசலாமென்றால் வீட்டில் அவள் காதில் விழும், கடையில் ஊர் காதில் விழும். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாக வைத்துக் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. டீக்கடைக்காரர் கடிதம் எழுதுகிறார் என்று சிரிக்காதே. கடைக்கு வரும் பேப்பரை இத்தனை வருஷமாக ஒரு வரி விடாமல் படித்தவன் நான், நாலு வரி எழுதவும் வரும்.

கலைவாணிக்குப் பிரசவ லீவு முடிகிறது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், இனியனைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் விட்டால் பாசத்தில் ஒரு பிஸ்கெட்டை நனைத்து ஊட்டிவிடுவார்கள், பிறகு பிள்ளை படுகிற பாட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதனால் உன் அம்மாவை வந்து இருக்கச் சொன்னாய். அது நியாயம். அவள் மூட்டு வலி என்றாள். அந்த மூட்டோடு தினமும் மாடி ஏறி இறங்குகிறாள். பொய்தான் சொன்னாள், ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை. கடைசியாக நாங்கள் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது கலைவாணி குழந்தையை நீட்டினாள். உன் அம்மா போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், கையை மோந்து பார்த்தாள், திரும்பப் போய்க் கழுவினாள், மறுபடி மோந்து பார்த்தாள், கடைசியில் பிள்ளையை வாங்காமலே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையின் கன்னத்தில் சொறி இருக்கிறதே, அத்தைக்குத் தொட அருவருப்பு போலிருக்கிறது என்று கலைவாணி உன்னிடம் சொல்லி அழுதாளாம். அவள்மேல் தப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் உன் அம்மா மோந்து பார்த்தது பிள்ளையை இல்லை. தன் கையில் பால் வாடை இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

உனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்தாள் என்று உனக்குத் தெரியும். சாந்தி என்று பெயர். வயிற்றாலே போய் இறந்துவிட்டாள் என்று ஒரே வரியில் சொல்லி உன்னை வளர்த்துவிட்டோம். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று இந்தக் கார்த்திகை வரைக்கும் எனக்கே தெரியாது.

தலைப்பிரசவம் என்பதால் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அவள் தாய் வீட்டில்தான் சாந்தி பிறந்தாள். கைப்பிள்ளையாக விழுப்புரத்துக்குக் கூட்டிவந்தேன். அப்போதுதான் கடை போட்டிருந்த நேரம். உன் அம்மாவுக்குப் பால் போதவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தாயும் பசும்பால் குடித்தால்தான் தாய்ப்பால் ஊறும் என்றும் சொன்னார்கள். டீக்கடைக்காரன் வீட்டில் பாலுக்கா பஞ்சம். ஆனால் கடைப் பால் பல வீட்டுப் பால் கலந்தது, அது பிள்ளைக்கு ஆகாது. பச்சைப்பிள்ளை என்றால் ஒரே மாட்டுப் பால்தான் கொடுக்க வேண்டும், மாடு மாறினால் வயிறு கெடும், இதுதான் எங்கள் பக்கத்துச் சட்டம். கண்டாச்சிபுரத்திலிருந்து கேனோடு முதல் பஸ்ஸில் வருகிற ஏழுமலையிடம் சொல்லி, ஒரு மாட்டுப் பாலைத் தனியாக ஒரு தூக்குவாளியில் கொண்டுவரச் சொன்னேன். தண்ணி கலந்தால் கையை உடைப்பேன் என்று வேறு அவனை மிரட்டினேன். அந்தப் பாலில் பாதி பிள்ளைக்கு, பாதி தாய்க்கு. உன் அம்மாவுக்குப் பாலைக் கண்டாலே குமட்டும். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்தில் நிற்பேன். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினால்தான் கடைக்குக் கிளம்புவேன். எவ்வளவு பெருமை எனக்கு அப்போது.

பிள்ளை பால் குடித்த கொஞ்ச நேரத்தில் முட்டியை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவாள். கக்குவாள். கன்னமெல்லாம் சிவந்து சொறிந்தது. பிறகு வெளிக்குப் போவதில் சளியும் இரத்தக் கோடும் வந்தது. மாட்டைத்தான் சந்தேகப்பட்டோம். அந்த மாட்டுக்கு ஏழுமலை மல்லாட்டைப் புண்ணாக்கு வைக்கிறான், அந்தச் சூடுதான் பிள்ளைக்கு இறங்குகிறது என்றார்கள். வேறு மாடு பார்த்தோம். அது சினை மாடு, சினை மாட்டுப் பால் கனம் என்றார்கள். வல்லத்தில் என் சித்தப்பா வீட்டில் புல் மட்டும் மேய்கிற மாடு ஒன்று இருந்தது, அதற்கு மாறினோம். அதற்குப் பிறகு வெள்ளாட்டுப் பால். நடுவில் தோஷம் என்று மந்திரித்தோம், கயிறு கட்டினோம். டாக்டரிடமும் போகாமல் இல்லை. என்ன கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே மாட்டுப் பாலுங்க என்றேன். பேதிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று. மாடு மாற்றும்போதெல்லாம் சாந்தி தேறினாள். பழைய மாட்டை நிறுத்திப் புது மாடு கிடைக்கிற வரைக்கும் இரண்டொரு நாள் கஞ்சித் தண்ணியும் தாய்ப்பாலும்தான் அவளுக்கு. தூக்கு வராததால் உன் அம்மாவுக்கும் அந்த நாட்களில் பால் கிடையாது. பிள்ளை அழாமல் தூங்குவாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதற்குள் புதுப் பால் வந்துவிடும். பார், புது மாடு ஒத்துக்கிச்சு என்று நாங்கள் சந்தோஷப்படுவோம். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மறுபடி முட்டியை மடக்கிக்கொள்வாள். உடனே அடுத்த மாடு. வழி எங்கள் கண்ணெதிரில் திறந்து திறந்து மூடியிருக்கிறது, சரவணா. நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டுவந்து குறுக்கே நிறுத்தியிருக்கிறோம்.

உடம்பு தேறட்டும் என்று தாய் வீட்டுக்கு அனுப்பினேன். அங்கேதான் சாந்தி போய்விட்டாள். உட்காரக்கூடப் பழகவில்லை. பெண்ணையாற்றுக் கரையில் புதைத்தோம். பால் மறக்காத பிள்ளைக்குக் காரியமெல்லாம் கிடையாது, பால் மட்டும் ஊற்றிவிடுங்கள் என்றார்கள் பெரியவர்கள். மறுநாள் உன் மாமா ஒரு செம்பில் பால் கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் ஊற்றினேன். மணல் உடனே குடித்துவிட்டது.

அதற்கப்புறம் வருஷா வருஷம் தை அஞ்சாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு நாம் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? சாமியெல்லாம் ஆற்றுக்கு இறங்கும், நீ வள்ளிக்கிழங்கும் பலூனும் கேட்டு அழுவாய். உன்னை மாமாவிடம் விட்டுவிட்டு நானும் அம்மாவும் கொஞ்ச நேரம் காணாமல் போவோம். எங்கே போனீர்கள் என்று நீ கேட்டதற்குக் கூட்டத்தில் வழி தவறிவிட்டது என்று சொல்வேன். சாந்தியிடம்தான் போவோம். ஆறு மணலைப் புரட்டிப் புரட்டி இடமே இப்போது அடையாளம் தெரியாது. ஒரு வேலிகாத்தான் மரத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நின்று, கடையிலிருந்து கொண்டுபோன பாலை ஊற்றிவிட்டு வருவோம்.

இந்தக் கார்த்திகையில் இனியனுக்குப் பால் பவுடர் ஆரம்பித்த வாரம் நான் உன் வீட்டில் இருந்தேன். பாட்டில் குடித்துவிட்டுக் கிடந்தவன், திடீரென்று முட்டியை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பா பீடி பிடிக்கப் போய்விட்டார், பிள்ளை அழும்போதுகூட இவருக்கு அதுதான் முக்கியம் என்று நீ முணுமுணுத்தது கேட்டது. நான் தெருமுனை வரைக்கும் நடந்தேன். பீடி எடுக்கவில்லை. அந்த அழுகையை நான் முன்னமே கேட்டிருக்கிறேன். அதே குரல் இல்லை, அதே அழுகை. திரும்பி வந்து, இப்போதே டாக்டரிடம் போகலாம் கிளம்பு என்று உன்னை நான் விரட்டினேனே, ஒரு நாள் பார்க்கலாமே என்று நீ சொன்னதற்குக் கத்தினேனே, அது இதனால்தான்.

பாண்டிச்சேரி டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நீயும் கேட்டாய். பசும்பாலில் இருக்கிற புரதம் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்கென்று தனிப் பவுடர் இருக்கிறது. ஆட்டுப் பாலுக்கு மாறுவதும் பிரயோசனமில்லை. கலைவாணி தாய்ப்பால் கொடுக்கிற வரைக்கும் அவளும் பால், தயிர், நெய் எதுவும் சேர்க்கக் கூடாது. ஆட்டுப் பாலும் ஆகாது என்று அந்தம்மா சொன்னபோது சாந்திக்குக் கடைசியாகக் கொடுத்த வெள்ளாட்டுப் பால்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ மருந்து வாங்கப் போன நேரத்தில் மறுபடி உள்ளே போய்ச் சாந்தியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இரத்தம் வந்ததா, எடை ஏறினதா என்று விசாரித்தார். பிறகு சொன்னார், "இத்தனை வருஷம் கழிச்சு யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா. இதுவாவும் இருக்கலாம், வேற எதுவாவும் இருந்திருக்கலாம்." அந்த "இருக்கலாம்" இருக்கிறதே, அதுதான் இப்போது என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது. பால்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். இப்போது கடையில் பால் பொங்கி வரும்போது என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் துழாவி அடுப்பை அணைக்கிறேன். வயசாகிவிட்டது ஓனருக்கு, கண் தெரியவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

உன் அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் கலைவாணி போன் பண்ணி, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். பாவம், அவளுக்கென்ன தெரியும். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம். "தாய் குடிச்சாகூடவா கண்ணு?" ஆமாம் அத்தே, தாய்ப்பால் வழியா போயிடுமாம் என்று கலைவாணி சொன்னாளாம். உன் அம்மா போனை வைத்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்தபோது தயிர்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது முன்னமே பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து அவள் பால் தொடுவதில்லை, வரக்காப்பிதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கதானே நின்னு குடிக்க வெச்சீங்க என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஊட்டின கை தன் கை என்று முழுசையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

இந்தத் தையிலும் ஆற்றுக்குப் போனோம். பழக்க தோஷத்தில் நான் கடையிலிருந்து பாலைத் தூக்கில் எடுத்துக்கொண்டேன். அவள் பார்த்தாள். பஸ்ஸில் வழி முழுக்க அந்தத் தூக்கைத் தன் மடியில் படாமல் தள்ளியே வைத்திருந்தாள். அந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் நான் மூடியைத் திறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம். இவ்ளோ வருஷமா அவளுக்கு ஆவாததயே ஊத்திக்கினு இருந்திருக்கோம்" என்றாள். பிறகு போய் ஆற்றில் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிவந்து, விரல் இடுக்கில் ஒழுகினதுபோக மிச்சத்தை அங்கே விட்டாள். திரும்பப் போனாள், அள்ளிவந்தாள். போதும் என்று நான் சொல்கிற வரைக்கும் செய்துகொண்டிருந்தாள். கரையில் மேளச் சத்தம். நான் அந்தத் தூக்கைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அங்கே திரிந்த நாய்க்கு ஊற்றினேன்.

அவளுக்குப் பேரன்மேல் பாசம் இல்லை என்றா சொன்னாய்? பாசம் இருப்பதால்தான் அவன் பக்கத்தில் வரப் பயப்படுகிறாள். கை வாடையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். யோசித்தால் அவளுக்கும் தெரியும். யோசிக்கிற இடத்தில் அவள் இப்போது இல்லை. நேற்று என் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே புது எவர்சில்வர் பாத்திரம், கிண்ணம், ஒரு சின்னக் கரண்டி, ஒரு புது மிக்ஸி ஜார், டப்பா நிறைய முளைகட்டி வறுத்து அரைத்த கேப்பை மாவு. எங்கிருந்தோ வந்தவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "கை வெக்காதீங்க. அது பால் படாத பாத்திரம்" என்றாள். நம் வீட்டில் பால் படாத பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை யாருக்காக வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. வாங்கிவைத்திருக்கிறாளே தவிர, திண்டிவனம் பஸ் ஏறக் கால் வரவில்லை.

அதனால் நான் சொல்வதைக் கேள். கலைவாணியைப் பட்டினி போடாதே. பால் தயிர் நிறுத்தியவள், இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவள். டாக்டர் எழுதின சுண்ணாம்புச்சத்து மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள்கிறாளா என்று பார். மரக்காணத்து மீன் வந்தால் வாங்கிக் கொடு, கேப்பை, கீரை, எள்ளு என்று எதையாவது விதம்விதமாகச் செய்து கொடு. காதுகுத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், ஒரு சொட்டு பாயசம் நாக்கில் வைத்தால் என்ன ஆகிவிடும் என்பார்கள். அந்த இடத்தில் மரியாதை பார்க்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடு. பழி என்மேல் போடு, அப்பா கூடாதுன்னுட்டாரு என்று சொல். பிஸ்கெட், பன் எது வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பிப் படி. வளர வளரப் பால் ஒத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார், ஆனால் அதை எப்போது கொடுத்துப் பார்ப்பது என்பதையும் அவரே சொல்லட்டும், நீயாக வீட்டில் பரீட்சை வைக்காதே. வீட்டில் பரீட்சை வைத்தவன் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளை தேறினால் எதனால் தேறினான் என்று நின்று யோசி. நாங்கள் சந்தோஷப்பட்டோமே தவிர யோசிக்கவில்லை.

உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்காதே. சாந்தியைப் பற்றியும் பேசாதே, நான் எழுதினேன் என்று தெரியவே கூடாது. வா என்றும் கூப்பிடாதே, மூட்டு வலி என்பாள். போன் பண்ணி, கேப்பை மாவு தீர்ந்துபோச்சும்மா, கடையில வாங்கலாம்னா அதுல என்னென்ன கலந்திருக்கானோ தெரியலை, என்ன பண்றதுன்னு தெரியலை என்று மட்டும் சொல். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். அந்தப் பையோடு வந்துவிடுவாள்.

ஆனால் வந்தவள் வாசற்படியிலேயே நிற்பாள். கை கழுவத் தண்ணீர் கேட்பாள், கழுவுவாள், மோந்து பார்ப்பாள், மறுபடி கழுவப் போவாள். அப்போது நீ ஒன்றும் பேசாதே. கலைவாணியை அனுப்பு. அவள் போய் அந்தக் கையைப் பிடித்துத் தன் மூக்குக்கிட்டே வைத்து மோந்து பார்த்துவிட்டு, ஒண்ணும் வாடை இல்ல அத்தே என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உடனே பிள்ளையை அந்தக் கையில் வைத்துவிட வேண்டும், அவள் யோசிப்பதற்குள். பால் கொடுக்கிற தாய் சொன்னால் உன் அம்மா நம்புவாள். நான் சொன்னால் எடுபடாது, என் மூக்கே பாலில் ஊறியது.

அப்பா